சனி இரவின் அடுப்பும் ஓய்வின் உரிமையும்

ஒரு மனிதன் தனக்குரிய ஓய்வு நேரத்தில், எவருடைய ஏவலுமின்றி, தன் விருப்பத்தின் பேரில் இரண்டு மணி நேரம் மாப் பிசைந்து, காய்கறி அரிந்து, அடுப்பின் வெக்கையில் நின்று ஓர் உணவைச் சமைப்பானாயின், அவன் அவ்விரவில் உழைத்தான் என்பதா, ஓய்ந்திருந்தான் என்பதா? வினா சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். ஆயின் அதே வேலையை அதே அடுப்பின் முன்னின்று கூலிக்குச் செய்யும் ஒருவனைப் பார்த்து நாம் இவ்வினாவை எழுப்புவதில்லை. அவன் உழைப்பாளி என்பது வெளிப்படை. அதே வேலையை வாரத்தின் ஏழு நாட்களும் கூலியின்றிச் செய்யும் ஒருத்தியைப் பார்த்தும் நாம் இதனைக் கேட்பதில்லை; கேளாமைக்கு அங்கே காரணம் வேறு. செய்யும் கருமம் ஒன்றாயிருக்க அதற்கு மூன்று பெயர்கள் வழங்குகின்றன. இப்பெயர் வேறுபாடு எங்கிருந்து வருகின்றது என்பதே நாம் ஆராயப் புகும் பொருள்.

ஆராய்ச்சிக்கு உதாரணமாக நாம் எடுத்துக்கொள்வது பீட்சா. முற்போக்குச் சஞ்சிகையொன்றின் பக்கங்களில் இதற்கு என்ன வேலை என்று சில வாசகர் முகஞ்சுளிக்கக்கூடும். எமது நாட்டில் இப்பண்டம் குளிரூட்டப்பட்ட கடைகளில் உயர்ந்த விலைக்கு விற்கப்படுவதால், வசதி படைத்தோரின் ஆடம்பரம் என்றே அதனை அறிந்திருக்கின்றோம். அது பிறந்த இத்தாலியில் கதை வேறு. அங்கே சனிக்கிழமை இரவென்றால் பல குடும்பங்களில் வீட்டிலேயே மாக் குழைத்து, அகன்ற தட்டத்தில் பரப்பி, போறணையிலிட்டு, குடும்பத்தவரும் நண்பரும் கூடியிருந்து துண்டு துண்டாக வெட்டி உண்பர். நல்லுடை உடுத்து வெளியே போகவேண்டியதில்லை. மேசை ஒழுங்கும் வேண்டியதில்லை. பிள்ளைகள் கையாலெடுத்துத் தின்னலாம். நாம் போறணை என்று வழங்கும் சொல்லும் இத்தாலியர் அடுப்பைக் குறிக்க வழங்கும் போர்ணோ என்னும் சொல்லும் ஒரே இலத்தீன் வேரில் பிறந்தவை. போர்த்துக்கேயர் எமக்குப் பாணைத் தந்தபோது அதனைச் சுடும் அடுப்பின் பெயரையும் தந்து சென்றனர்.

இவ்வுணவு தோன்றிய காலத்தில் அதனை வீட்டில் இருந்து ஆறுதலாகச் செய்து உண்டவர் எவருமிலர் என்றே கூறலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நேப்பிள்ஸ் நகரத்து ஏழைகள் வாழ்ந்தவை தெருமட்டத்தில் அமைந்த ஒற்றையறைக் குடியிருப்புக்கள். காற்றும் வெளிச்சமும் வாசல் வழியாகவே வரவேண்டும். அங்கே போறணை ஏது? படுக்கவே இடமில்லை. ஆகவே தெருவில் விற்கப்பட்டதை நின்ற நிலையில் வாங்கி மடித்து உண்டனர். பிரெஞ்சு நாவலாசிரியர் அலெக்சாண்டர் டூமா 1843 ஆம் ஆண்டில் வெளியான தமது நேப்பிள்ஸ் பயண நூலில் இதனை நுணுகி நோக்கியிருக்கின்றார். மேலே இடப்படும் எண்ணெய், கொழுப்பு, பாற்கட்டி, தக்காளி, சிறுமீன் என்பவற்றின் விலை ஏறியிறங்குவதற்கேற்ப பீட்சாவின் விலையும் ஏறியிறங்குவதால், சந்தையின் நிலையை அளக்கும் வெப்பமானி அது என்பது அவர் கண்ட உண்மை. உல்லாசப் பயணியாக வந்த ஒருவர் இவ்வளவு கண்டது பெரிது. ஏழையின் உணவில் பொருளாதாரத்தை வாசிக்கும் பழக்கம் எமது எழுத்தாளர் பலருக்கு இன்னும் கைவரவில்லை.

1884 ஆம் ஆண்டில் நேப்பிள்சில் வாந்திபேதி பரவி ஆயிரக்கணக்கானோர் மாண்டபோது, நகரின் வயிற்றையே கிழித்தாக வேண்டும் எனப் பிரதம அமைச்சர் தெப்பிறேத்திஸ் பேசினார். அதற்கு மறுமொழியாகப் பெண் எழுத்தாளர் மத்தில்தே செறாவோ 'நேப்பிள்சின் வயிறு' என்னும் நூலை எழுதினார். ஆள்வோர் கிழிக்க விரும்பும் அவ்வயிற்றில் என்ன இருக்கின்றது என்று காட்டுவதே நூலின் நோக்கம். ஒரு சதத்துக்கு விற்கப்படும் பீட்சாத் துண்டுகள், வெயிலில் காய்ந்து, ஈ மொய்க்கக் கிடப்பதை அவர் மறைக்காமல் எழுதினார். உரோமாபுரியில் பீட்சாக் கடை திறந்த நேப்பிள்ஸ் வணிகனொருவன் நட்டமடைந்து அழிந்த கதையையும் அவர் சொல்கின்றார். பிற்காலத்தில் விற்றோறியோ டி சீக்கா 1954 இல் எடுத்த 'நேப்பிள்சின் பொன்' என்னும் திரைப்படத்திலே சோபியா லோரன் பீட்சா விற்பவளாக வருகின்றாள். இன்று உண்டு எட்டு நாட்களில் பணம் தரலாம் என்பது அக்கடையின் ஏற்பாடு. இது திரைக்கதைக் கற்பனை மட்டுமன்று. எட்டு நாள் கடனுக்குப் பீட்சா வழங்குதல் அந்நகரின் உண்மையான வழக்கமாக இருந்தது. கூலி கிடைக்குமா என்பது நிச்சயமற்றிருந்த மக்களுக்கு உணவு கடனிலேயே கிடைத்தது.

அரசி மார்கரீத்தாவின் கதையை இங்கு நீட்டவேண்டியதில்லை. 1889 இல் அரசிக்காக றபாயேலே எஸ்போசித்தோ என்பவர் தேசியக் கொடியின் மூன்று நிறங்களில் பீட்சா செய்தார் என்பதும், அரண்மனையிலிருந்து நன்றிக் கடிதம் வந்தது என்பதும் எங்கும் சொல்லப்படுவன. அக்கடிதத்தின் உண்மையையே ஆராய்ச்சியாளர் பிற்காலத்தில் ஐயுற்றுள்ளனர். கொடியின் நிறமுடைய அதே சேர்க்கை அரசி வருமுன்னரே தெருவில் இருந்தது. பெயரில்லா மனிதர் தெருவில் ஆக்கியதற்கு அரண்மனைப் பெயர் சூட்டினாலன்றி மதிப்பு வருவதில்லை என்பது இலக்கியத்திலும் நாம் அறிந்த கதைதான். 2017 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் நேப்பிள்ஸ் பீட்சாத் தொழிலாளரின் கைத்திறனை மானிடத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பதிவுசெய்தபோது, பண்டத்தை விடுத்துக் கைத்தொழிலுக்கே அம்மதிப்பை வழங்கியது நன்று.

வீட்டுப் பீட்சா இத்தெருப் பீட்சாவின் நகலன்று. இதனைப் பலர் உணராது மனம் வெதும்புகின்றனர். 2010 இல் ஐரோப்பிய ஒன்றியம் ஏற்றுக்கொண்ட விதிகளின்படி நேப்பிள்ஸ் பீட்சாவின் விட்டம் 35 சென்ரிமீற்றரை மீறலாகாது; விறகுப் போறணையின் வெப்பம் ஏறத்தாழ 485 பாகை செல்சியசாக இருத்தல் வேண்டும்; வேகும் நேரம் 60 முதல் 90 செக்கன். வீட்டுப் போறணை 250 பாகைக்கு மேல் செல்வது அரிது. குறைந்த வெப்பத்தில் அதிக நேரம் கிடக்கும் மா வரண்டு ஒட்டுப்போல் ஆகும். எனவே வீட்டில் செய்வோர் மாவில் நீரைக் கூட்டுவர். தட்டத்தில் ஒலிவ் எண்ணெயைத் தாராளமாகப் பூசுவர். மெல்லியதாகத் தட்டாமல் தடிப்பாகவே பரப்புவர். ஒரு கிலோகிராம் கோதுமை மாவுக்கு 650 கிராம் தண்ணீர், 25 கிராம் உப்பு, ஓரிரு கிராம் உலர்ந்த ஈஸ்ட் போதும். முதல்நாள் இரவே குழைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மறுநாள் மாலையில் மா இருமடங்காக எழுந்து, விரல் வைத்தால் மெல்லத் தளர்ந்து கொடுக்கும். தக்காளியைக் காய்ச்ச வேண்டியதில்லை. கையால் நசித்து உப்பிட்டால் போதும். தட்டத்தை முதலில் போறணையின் அடித்தளத்திலேயே வைத்து அடிப்பக்கம் பொன்னிறமாகும்வரை விட்டு, பின்னரே நீர் வடித்த பாற்கட்டியை இடுதல் வேண்டும். முன்னரே இட்டால் அது கருகும், அல்லது நீர்விட்டு மாவை நனைக்கும். மெல்லியதாய்ச் சீவிய உருளைக்கிழங்கு, வெங்காயம், கொத்திறைச்சி அடைத்த சொசேச் என வயிறு நிறைக்கும் பொருள்களையும் இட்டுக்கொள்வர். ஆறு பேருக்கு ஒரு பெரிய தட்டம் காணும். மூலப் பீட்சாவை அறிந்தோர் இதனை இழிவாகப் பேசுவதுண்டு. பசியோடு வந்து அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு 485 பாகை ஒரு பொருட்டன்று என்பது எமது கருத்து.

மா எழும் முறையில் எமது வினாவுக்குத் தொடர்பான ஒன்று உண்டு. கோதுமை மாவிலுள்ள இருவகைப் புரதங்கள் நீருடன் சேர்ந்து வலைபோலப் பின்னிக்கொள்கின்றன; ஈஸ்ட் வெளிவிடும் கரியமில வாயு அவ்வலையில் சிக்கி மாவை உப்பச் செய்கின்றது. பிசைதல் இவ்வலையை விரைவில் உண்டாக்கும். பிசையாமலே நீண்ட நேரம் விட்டாலும் அது தானே உண்டாகும். 2006 ஆம் ஆண்டில் நியூயோர்க் வெதுப்பாளர் ஜிம் லேஹி பிசையாத பாணின் முறையைப் பரப்பியபோது வீட்டுச் சமையலாளர் வியப்படைந்தனர். அடிப்படை உண்மை பழையது. ஆகவே இம்மாக் கேட்பது கையின் வலிமையைக் காட்டிலும் காலத்தையே. இன்று இரவு குழைப்பவன் நாளை மாலை தான் வீட்டிலிருப்பான் என்பதை அறிந்திருக்க வேண்டும். எந்நேரமும் வேலைக்கு அழைக்கப்படக்கூடிய துறைமுகக் கூலிக்கோ, முறைமாறி வேலைசெய்யும் ஆலைத் தொழிலாளிக்கோ அவ்வறிவு வாய்ப்பதில்லை. அவன் தன் நாளைய பொழுதுக்கு உரிமையாளனல்லன்.

மாவின் காலத்துக்கும் மனிதனின் காலத்துக்கும் இடையிலான இம்முரணை முதன்முதல் முழுமையாய்ச் சுமந்தவர் வெதுப்பகத் தொழிலாளர். நகரம் காலையில் சூடான பாண் உண்பதற்காக அவர்கள் இரவெல்லாம் விழித்திருந்தனர். இலண்டன் வெதுப்பகங்களைப் பற்றி 1862 இல் திரமென்கீயர் அளித்த அறிக்கையை 'மூலதனம்' முதற்பாகத்தில் வேலைநாளைப் பற்றிய அதிகாரத்தில் மார்க்ஸ் விரிவாகப் பயன்படுத்தினார் என்பதை வாசகர் அறிவர். 1871 ஆம் ஆண்டில் எழுபத்திரண்டு நாட்களே வாழ்ந்த பாரிஸ் கொம்யூன், எதிரிகள் வாயிலில் நிற்கையில், வெதுப்பகத் தொழிலாளரின் இரவு வேலையை ஒழிக்க ஆணை பிறப்பித்தது. சூடான பாணுக்காகக் குரலெழுப்பிய நல்ல மனிதர் அன்றும் பாரிசில் இருந்தனர். இத்தாலியிலும் 1908 இல் இவ்விரவு வேலையைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. ஒருவரது காலை உணவின் சுவையும் இன்னொருவரது இரவின் தூக்கமும் மோதும்போது எதனை விட்டுக்கொடுப்பது என்பது வெறும் தொழிற்சட்டப் பிரச்சினையன்று, அறப்பிரச்சினையாகும்.

சனிக்கிழமை மாலை என்று நாம் இன்று இயல்பாகச் சொல்வதும் இவ்வாறே பெறப்பட்டது. பிரித்தானியாவில் 1850 ஆம் ஆண்டின் ஆலைச்சட்டம் நெசவாலைகளில் பெண்களும் இளையோரும் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணியோடு வேலை நிறுத்த வழிசெய்தது. இத்தாலியில் உலோகத் தொழிலாளர் 1919 பெப்ரவரியில் எட்டு மணிநேர வேலைநாளை ஒப்பந்தத்தால் பெற்றனர். நாற்பது மணிநேர வாரத்தை, அதாவது சனிக்கிழமை முழுவதையும் தமதாக்கும் வாரத்தை, 1969 இன் இலையுதிர்காலத்து மாபெரும் வேலைநிறுத்தங்களின் பின்னரே படிப்படியாகப் பெற்றனர். இதற்கு இடைப்பட்ட காலத்தில் நடந்த ஒன்றை மறத்தலாகாது. 1935 யூனில் முசோலினியின் அரசு சனிக்கிழமை ஒரு மணியோடு வேலையை நிறுத்தி, 'பாசிசச் சனி' என்பதை ஏற்படுத்தியது. பிற்பகல் விடுதலை, ஆனால் அணிநடை, ஆயுதப் பயிற்சி, கட்சிக் கூட்டம் என்பவற்றுக்காக. சர்வாதிகாரி தொழிலாளிக்கு ஓய்வு கொடுத்து, அவ்வோய்வினுள் அவன் என்ன செய்ய வேண்டும் என்பதையும் தானே எழுதிக் கொடுத்தான். அமெரிக்காவில் 1926 இல் ஹென்றி போர்ட் ஐந்து நாள் வாரத்தை ஏற்படுத்தியபோது, ஓய்வுள்ள தொழிலாளியே பொருள் வாங்குவான் என்பதை மறைக்காமலே கூறினார். ஒருவர் ஓய்வைக் கட்சிக்கும் மற்றவர் சந்தைக்கும் வேண்டினர். சனிக்கிழமை இரவில் வீட்டில் மாவைத் தட்டிக்கொண்டு, வானொலியில் பாட்டுக் கேட்டுக்கொண்டு, எவருக்கும் கணக்குக் காட்டாமல் இருப்பவன் இவ்விருவருக்கும் பயன்படாதவன். அவ்வளவில் அவன் செயல் மதிக்கத்தக்கது.

மெய்யியலாளர் என்ன கூறினர்? அரிஸ்டோட்டில் ஓய்வையே நற்பண்பின் விளைநிலமாகக் கொண்டார். ஆயின் நெசவுத்தறியின் ஓடம் தானே ஓடினால் மாத்திரமே ஆண்டானுக்கு அடிமை தேவைப்படான் என்று அவரே 'அரசியல்' முதலாம் நூலில் எழுதினார். ஓடம் தானே ஓடவில்லை; ஆகவே அடிமை இருந்தான்; ஆகவே மெய்யியல் இருந்தது. பின்வந்த நூற்றாண்டில் ஓடம் உண்மையாகவே தானே ஓடத் தொடங்கிய பின்னர், அதன் பக்கத்தில் நின்றவரின் வேலைநேரம் குறைவதற்கு மாறாகக் கூடியது. மார்க்சின் மருமகன் பால் லபார்க் 1880 இல் சோம்பலின் உரிமையைப் பற்றி எழுதி, நாளொன்றுக்கு மூன்று மணிநேர வேலை போதும் என வாதாடினார். நகைச்சுவை நூலென்று அதனை ஒதுக்குவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. மார்க்ஸ் 'மூலதனம்' மூன்றாம் பாகத்தில், தேவையின் கட்டாயத்தால் செய்யும் உழைப்பு முடியுமிடத்திலேயே சுதந்திரத்தின் ஆட்சி தொடங்குகின்றது என்றும், அதற்கு அடிப்படை நிபந்தனை வேலைநாள் குறைதல் என்றும் காட்டினார். இதன்படி எமது சனி இரவுச் சமையலாளனின் செயல் சுதந்திரத்தின் பக்கத்தைச் சேர்ந்தது. பசிக்குப் பாண் இருக்கின்றது. அவன் பீட்சாவைச் செய்தே ஆகவேண்டும் என்பதில்லை.

ஆனால் 'அவன்' என்று நாம் இதுகாறும் எழுதிவந்தது தற்செயலன்று. இவ்விடத்தில் 'அவள்' என்று மாற்றிப் பார்ப்போம்.

ஒரு வாரத்தில் 21 வேளை உணவு. அவற்றுள் 20 வேளையை வீட்டுப் பெண் சமைக்கின்றாள் எனக் கொள்வோம். இருபத்தோராவது வேளையாகிய சனி இரவில் ஆண் அடுக்களைக்குள் வருகின்றான். சட்டைக் கையை மடித்துவிடுகின்றான். மா மேசையெங்கும் பறக்கின்றது. பிள்ளைகள் ஆரவாரிக்கின்றனர். நண்பர் புகழ்கின்றனர். தட்டம் காலியானதும் அவன் நாற்காலியில் சாய்கின்றான். எண்ணெய் பிடித்த தட்டத்தையும், மா ஒட்டிய மேசையையும், தக்காளி தெறித்த சுவரையும் எவர் கழுவுகின்றார்? இருபது வேளைக்கு இல்லாத கைதட்டல் ஒரு வேளைக்குக் கிடைப்பது எதனால்? அந்த இருபதும் கடமை எனவும் இந்த ஒன்று கலை எனவும் பெயர் பெற்றுவிட்டமையால். எம்முடன் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் ஒருமுறை, "சனிக்கிழமை எங்கள் வீட்டில் எல்லாருக்கும் லீவு, அந்த லீவை நடத்துகிறது நான்தான்" என்று சிரித்துக்கொண்டே கூறினார். ஆசிரியர் அறையில் இருந்த ஆண்களும் சிரித்தனர். சிரிப்புக்கள் இரண்டும் ஒருதன்மையன அல்ல.

இவ்வினாவை மிகக் கூர்மையாக எழுப்பிய இயக்கம் இத்தாலியிலேயே தோன்றியது பொருத்தமானது. 1972 ஆம் ஆண்டில் பாதுவா நகரில் மரியறோசா டல்லா கொஸ்தா முதலிய பெண்கள் ஒன்றுகூடி வீட்டு வேலைக்குக் கூலி வேண்டும் என்னும் இயக்கத்தைத் தொடங்கினர். 1975 இல் சில்வியா பெதெறீச்சி இதன் நியாயத்தைச் சிறுநூலொன்றில் விளக்கினார். ஆலைத் தொழிலாளி மறுநாள் வேலைக்குத் தகுதியுடையவனாகத் திரும்புவது வீட்டில் ஒருத்தி உணவாக்கி, உடை தோய்த்து, மனம் தேற்றுவதால். அவ்வுழைப்பின் பயனை முதலாளி கூலியின்றிப் பெறுகின்றான். அன்பு என்ற பெயர் அவ்விலவசத்தை மறைக்கும் திரை என்பது அவர்களது வாதம். இயந்திரங்கள் இதனைத் தீர்த்துவிடும் என்று நம்பியோர் உளர். 1983 இல் அமெரிக்க வரலாற்றாசிரியை ரூத் சுவாட்ஸ் கோவன் எழுதிய நூல் அந்நம்பிக்கையைத் தகர்த்தது. முன்பு வீட்டுக்கு வெளியே நடந்த வேலைகளும், ஆணும் பிள்ளைகளும் பங்கெடுத்த வேலைகளும் இயந்திரம் வந்தபின் தாய் ஒருத்தியின் தலையில் விழுந்தன. பழைய நேப்பிள்சில் ஒற்றையறைப் பெண் பீட்சாவைத் தெருவில் வாங்கினாள். வீட்டுக்குப் போறணை வந்தபின் அதனைத் தானே செய்ய வேண்டியவளானாள். இது முன்னேற்றமே. எனினும் முன்னேற்றத்தின் சுமையை எவர் சுமந்தார் என்பதைக் கணக்கிலெடுக்க வேண்டும்.

அவ்வாறாயின் அன்போடு செய்யும் சமையல் என ஒன்றில்லையா? பாதுவாப் பெண்களின் வாதத்தை நாம் முழுமையாக ஏற்கத் தயங்குவது இவ்விடத்திலேயே. கூலி கொடுத்தால் மாத்திரம் அவ்வேலை மனிதத்தன்மை பெற்றுவிடாது. கூலிக்கு வெதுப்பகத்தில் நின்றவன் இரவைப் பறிகொடுத்தவன்தானே. தாய் மகனுக்கும், மகன் தாய்க்கும், தோழன் தோழனுக்கும் மனமுவந்து சமைக்கும் உணவில் சந்தையின் அளவைகளுக்குள் அடங்காத ஒன்று உண்டு. அவ்வொன்றை முதலாளித்துவத்தின் தந்திரம் என்று தள்ளிவிட்டால், நாம் எதற்காகப் புதிய சமுதாயத்தை வேண்டுகின்றோம் என்பதே விளங்காமற் போகும். ஆயினும் மனமுவந்து செய்தாள் என்று சொல்வதற்கு அவள் மறுத்திருக்கவும் கூடும் என்ற நிலை இருத்தல் வேண்டும். சனிக்கிழமை மாலை, "இன்றைக்கு எனக்கு இயலாது" என்று அவள் கூறினால் என்ன நிகழும்? வேறொருவர் எழுந்து மாவை எடுத்தால் அது சுதந்திரமுள்ள வீடு. வீடு முழுவதும் வாடிய முகத்தோடு அவளைப் பார்த்தால், அதற்கு முந்திய சனிக்கிழமைகளெல்லாம் அவள் மனமுவந்து செய்தவையா என்பதே ஐயத்துக்குரியதாகின்றது. செய்யும் வேலையின் தன்மையைக் கொண்டோ, செய்பவர் முகத்திலுள்ள புன்னகையைக் கொண்டோ ஓய்வையும் உழைப்பையும் பிரித்தறிய முடியாது. புன்னகை பழக்கத்தாலும் வரும்.

இத்தொல்லை எதற்கு, கடையில் சொல்லி எடுப்பித்தால் வீட்டில் எவருக்கும் வேலையில்லையே என்பர் சிலர். உண்மைதான்; வேலை வீட்டைவிட்டு வீதிக்குச் செல்கின்றது. மழையில் சைக்கிளில் பெட்டி சுமந்து வருபவனின் சனி இரவு அதற்கு ஈடாகின்றது. 2016 ஒக்ரோபரில் தூரின் நகரில் இவ்விளைஞர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்கள் தொழிலாளரல்லர், சுயதொழில் செய்வோர் என்று நிறுவனங்கள் வாதாடின. 2020 சனவரியில் இத்தாலியின் உச்ச நீதிமன்றம் கூலித்தொழிலாளருக்குரிய பாதுகாப்பு அவர்களுக்கும் உண்டு எனத் தீர்த்தது. இதனால் எடுப்பித்து உண்பது பாவமென்று நாம் கூற வரவில்லை. ஒருவர் ஓய்ந்திருக்கையில் இன்னொருவர் உழைப்பது எந்தச் சமுதாயத்திலும் இருக்கும். புகைவண்டி ஓட்டுநரும் தாதியும் சனிக்கிழமையன்று வீடு செல்வதென்றால் எவரும் எங்கும் போகவும் முடியாது, பிழைக்கவும் முடியாது. முறைவைத்து ஓய்வு மாறி வருகின்றதா, அல்லது ஒருசாரார் என்றென்றும் ஓய்வுடையோராயும் இன்னொருசாரார் என்றென்றும் அவர்களது ஓய்வுக்கு உழைப்போராயும் நிலைத்துவிட்டனரா என்பதே கவனிக்கத்தக்கது.

வீட்டிலேயே செய்தாலும் அத்தொடர்பு அறுந்துவிடுவதில்லை. மேசையிலுள்ள தகரப்பேணியைத் திறப்போம். பதப்படுத்தும் தக்காளி பெருமளவில் விளைவது புலியா மாநிலத்தின் போஜ்ஜா மாவட்டத்தில். ஆபிரிக்காவிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் வந்த கூலிகளே அங்கு பழம் ஆய்கின்றனர். கங்காணி ஒருவன் அவர்களைத் திரட்டி, வானில் ஏற்றி, வயலுக்குக் கொண்டுசென்று, கூலியில் தன் பங்கை வெட்டிக்கொள்வான். மலையகத் தோட்டங்களின் வரலாறு படித்தோருக்கு இதனை மேலும் விளக்க வேண்டியதில்லை. கங்காணிக்கு அங்கே வழங்கும் பெயர் கப்பொறாலே. 2018 ஓகஸ்ட் 4 ஆம், 6 ஆம் திகதிகளில் வயல்வேலை முடித்து நெருக்கியடித்துத் திரும்பிய கூலிகளின் வான்கள் இரு விபத்துக்களில் சிக்கி 16 பேர் மாண்டனர். இரண்டு நாளின் பின்னர், வெயிலுக்கு அணியும் சிவப்புத் தொப்பிகளைத் தலையிலிட்டு அவர்களது தோழர்கள் போஜ்ஜாவை நோக்கி நடந்தனர். கங்காணி முறையைத் தண்டிக்கும் சட்டம் 2016 இலேயே நிறைவேற்றப்பட்டிருந்தது. அதே மாவட்டத்தின் செறிஞ்ஞோலா ஊரில் 1892 இல் பிறந்து, சிறுவயதிலேயே வயற்கூலியாகி, பின்னர் இத்தாலியத் தொழிற்சங்க சம்மேளனத்தின் பொதுச்செயலாளராக உயர்ந்தவர் ஜுசெப்பே டி வித்தோரியோ. அவர் 1957 இல் இறந்தார். அவர் காலத்தில் வயலில் நின்றவர் உள்ளூரார். இன்று நிற்பவர் வாக்குரிமையற்றவர். இதையெல்லாம் அறிந்தபின் தக்காளியை ஒதுக்குவதே அறம் என்று கூறும் நண்பரும் உளர். ஒதுக்குபவரின் மனம் தூய்மையடையலாம். வானில் இடம் அகலப்போவதில்லை. சிவப்புத் தொப்பியணிந்து நடந்தவர்கள் எவரும் தாம் ஆய்ந்த பழத்தை உண்ண வேண்டாமெனக் கேட்கவில்லை. கூலியையும் பேருந்தையும் ஒப்பந்தத்தையும் கேட்டனர்.

எமது தீவுக்கும் இச்சனி இரவுக்கும் உள்ள தொடர்பு தக்காளியைவிட நெருங்கியது. இலங்கையர் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர் இத்தாலியில் வாழ்கின்றனர். நேப்பிள்ஸ் நகரில் அவர்கள் தொகை பெரிது. பெரும்பாலோர் மேற்குக் கரையோரத்துச் சிங்களக் கத்தோலிக்கர். வென்னப்புவைப் பகுதியில் இத்தாலியப் பணத்தில் எழுந்த வீடுகளைக் கண்டோர் இதனை அறிவர். சிசிலித் தீவின் பலேர்மோ நகரில் தமிழர் நிறைந்து வாழ்கின்றனர். ஞாயிற்றுக்கிழமைகளில் பெல்லெகிறீனோ மலைமேலுள்ள புனித ரொசாலியாவின் குகைக்கோயிலுக்குச் சைவர்களும் ஏறிச்சென்று வணங்குவது அந்நகரத்தார் அறிந்த காட்சி. இவர்களிற் பலர் செய்யும் தொழில் வீட்டுவேலையும் முதியோர் பராமரிப்புமே. இத்தாலியப் பெண் அலுவலகத்துக்குச் சென்றபோது அவள் விட்டுச்சென்ற அடுக்களைக்குள் ஆண் வரவில்லை. எமது தீவின் பெண் வந்தாள். 21 வேளைகளைப் பற்றி நாம் மேலே போட்ட கணக்கு இவ்வாறு கடல் கடந்து தீர்க்கப்பட்டது. அவள் விட்டுவந்த அடுக்களையில் இங்கே இன்னொருத்தி, தாயோ மூத்த மகளோ, நிற்கின்றாள்.

வீட்டுத் தொழிலாளருக்கென இத்தாலியில் 1958 இல் ஒரு சட்டமும் 1974 இல் முதலாவது தேசியக் கூட்டொப்பந்தமும் வந்தன. வீட்டு வேலையாட்களின் உரிமை பற்றிய சர்வதேசத் தொழில் நிறுவனத்தின் 2011 ஆம் ஆண்டுச் சமவாயத்தை இத்தாலி 2013 இல் ஏற்றுக்கொண்டது. கூட்டொப்பந்தத்தின்படி, வீட்டோடு தங்கி வேலைசெய்வோருக்கு வாரத்தில் 36 மணிநேர ஓய்வு உண்டு. அதில் 24 மணிநேரம் ஞாயிற்றுக்கிழமை. எஞ்சிய 12 மணிநேரத்தை வேறெந்த நாளில் வைப்பது என்பதை இருதரப்பாரும் பேசி முடிவுசெய்யலாம். நீண்டகால வழக்கத்தால் அது வியாழன் பிற்பகலாகவே இருந்துவருகின்றது; வியாழனிலும் ஞாயிறிலும் நகரச் சதுக்கங்களின் வாங்குகளில் அவர்கள் கூடியிருப்பதைக் காணலாம். எனவே வீட்டார் கூடியமர்ந்து உண்ணும் சனி இரவு அவளுக்கு வேலை இரவு. தட்டத்துக்கு எண்ணெய் பூசுபவளும் பின்னர் அதனைத் தேய்ப்பவளும் அவளே. வியாழனுக்குப் பதிலாகச் சனி பிற்பகலைத் தரும்படி கேட்டுப் பெற்றவர்களும் சிலர் இருக்கக்கூடும். ஒப்பந்தம் அதனைத் தடுக்கவில்லை. அவ்வாறான வீடுகளில் சனிக்கிழமை மாலை மாவைக் குழைப்பதற்கும், தட்டத்தை ஊறவைத்துத் தேய்ப்பதற்கும் வீட்டாரே மிஞ்சுகின்றனர்.